கப்பல் கணக்கு

“கப்பலுக்கு எத்தனை டாலர் மாற்றி எடுத்துக்கிட்டுப் போகணும், சார்?”

எதிர் வீட்டு டீச்சர் கேட்டார். மகளும் மருமகனும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் விடுமுறைக்கு எல்லோருமாக நாலு ராத்திரி சொகுசுக் கப்பல். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. டிக்கெட்டை மகள் போட்டுவிட்டாள். உள்ளே ஆகிற செலவாவது எங்களுடையதாக இருக்கட்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பலாம்தான். அது அரைகுறை பதிலாக இருக்கும். இந்தக் கேள்வியோடு இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால், அவருக்குச் சொன்னதையே இங்கே நிதானமாகச் சொல்கிறேன். டீ ஆறுவதற்குள் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் விஷயம், கப்பலுக்குள் நோட்டை நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஜூஸ் கடையிலும் வாங்க மாட்டார்கள், சட்டை விற்கிற கடையிலும் வாங்க மாட்டார்கள். உங்கள் கிரெடிட் கார்டை நீட்டினாலும் அதே கதைதான். ஏறும்போது உங்கள் பெயர் போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை தருவார்கள். ராயல் கரீபியன் கப்பல்களில் அதற்கு சீபாஸ் என்று பெயர். கார்னிவலில் செயில் அண்ட் சைன். பிரின்சஸ் நிறுவனம் 2017 முதல் நாணயம் அளவுள்ள ஒரு வில்லையைக் கொண்டுவந்தது, கழுத்திலோ கையிலோ மாட்டிக்கொள்ளலாம். அறைக் கதவைத் திறப்பது அதுதான். துறைமுகத்தில் இறங்கி ஏறும்போது நீங்கள் யார் என்று காட்டுவதும் அதுதான். ஏதாவது வாங்கினால் அதைத்தான் தட்டுவார்கள்.

தட்டியவுடன் எங்கும் பணம் போவதில்லை. அறை எண்ணின் பேரில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு மாதம் முழுக்கப் பற்று வைத்துக்கொண்டு, சம்பளம் வந்ததும் அடைப்போமே, அதேதான். என்ன, அண்ணாச்சி நம் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தார். கப்பல்காரன் முகத்தைப் பார்க்க மாட்டான். இந்தப் பற்றுக்குப் பின்னால் எது நிற்கிறது என்று ஏறும்போதே கேட்பான். ரொக்கமா, கார்டா என்கிற கேள்வி அந்த ஒரு இடத்தில்தான் வருகிறது. அதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் நாலு நாளும் உங்களோடு வரும்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? பல நாட்டுப் பயணிகள், பல நாட்டு ஊழியர்கள், ஒரே ராத்திரியில் மாறுகிற துறைமுகங்கள். சில்லறை கொடுத்து வாங்குவதும், பத்திரப்படுத்துவதும், கணக்கு ஒப்பிப்பதும் பெரிய பாடு. இதைக் கப்பல்காரர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லாத காரணம், கையை விட்டுப் போகிற நோட்டு கண்ணில் பட்டால் மனிதன் யோசிப்பான் என்பது. 1950-களிலேயே பிரான்சின் கிளப் மெட் விடுதிக்காரர்கள் விருந்தினர் கழுத்தில் மணிமாலை போட்டு, ஒவ்வொரு பானத்துக்கும் சில மணிகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இன்றைய அட்டை அந்த மாலையின் பேத்தி. இதில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: 2023-இல் கார்னிவல் குழுமத்தின் மொத்த வருவாய் சுமார் 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்றது 1,400 கோடி சொச்சம். மீதி 750 கோடி டாலர் கப்பலுக்குள் நடந்த செலவும் அதைச் சார்ந்தவையும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்படட்டும்.

சரி, பற்றுக்குப் பின்னால் எதை நிறுத்துவது? என் பதில் கிரெடிட் கார்டு. காரணம் வசதி மட்டுமில்லை. ‘ஹோல்டு’ என்று ஒன்று இருக்கிறது, அதற்காக.

கார்டைப் பதிவு செய்ததும் கப்பல் நிறுவனம் உங்கள் வங்கியிடம், இந்த ஆள் இவ்வளவு செலவழிப்பார் போலிருக்கிறது, அவ்வளவையும் எங்களுக்காக ஒதுக்கி வை என்று கேட்கும். வங்கி ஒதுக்கும். இது பணம் எடுத்துக்கொள்வது இல்லை, ஒதுக்கி வைப்பது. உங்கள் பற்று ஏற ஏற மறுபடியும் கேட்கும், மறுபடியும் ஒதுக்கும். கடைசி நாள்தான் உண்மையான தொகையை எடுப்பார்கள். அதன் பிறகு ஒதுக்கி வைத்தது விடுபட வேண்டும். அது உடனே விடுபடாது. கப்பல் நிறுவனத்தின் கணக்கு ஒரு பக்கம், நடுவில் விசா, மாஸ்டர்கார்டு, மறுபக்கம் நம் ஊர் வங்கி. சில நாளும் ஆகும், ஒரு வாரம் பத்து நாளும் ஆகும்.

கிரெடிட் கார்டில் இதனால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கார்டின் வரம்பு தற்காலிகமாகக் குறையும், அவ்வளவுதான். அதற்கு வட்டியும் கிடையாது. டெபிட் கார்டில் அப்படியில்லை. ஒதுக்கப்படுவது உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கிற சொந்தப் பணம். உதாரணத்துக்கு, கணக்கில் 80,000 ரூபாய் இருக்கிறது. கப்பலில் உண்மையில் 30,000 ரூபாய்க்குச் செலவு செய்தீர்கள். ஆனால் ஹோல்டு 40,000-க்கு நிற்கிறது. கடைசி நாள் 30,000 எடுத்துவிட்டார்கள், ஹோல்டு இன்னும் விடுபடவில்லை. ஊர் திரும்பி ஏடிஎம்முக்குப் போனால் கையில் எடுக்க முடிவது 10,000. பணம் போகவில்லை, ஆனால் உங்கள் கைக்கும் வரவில்லை. நான் வேலையில் இருந்தபோது இதற்காகக் கவுன்ட்டரில் வந்து சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளை மேலாளரால் அந்த ஹோல்டை விரலால் தட்டி எடுத்துவிட முடியாது என்று சொன்னால் யாரும் நம்பியதில்லை.

“எங்க வீட்டுக்காரர்கிட்ட ஃபாரெக்ஸ் கார்டு இருக்கே, சார்?” என்றார் டீச்சர். முன்கூட்டியே டாலர் ஏற்றி வைக்கிற ப்ரீபெய்ட் கார்டு. கடையில் தேய்க்க அது நல்ல கார்டு, மாற்று விகிதம் முன்பே முடிவாகிவிடும். ஆனால் ஹோல்டு சங்கதியில் அது டெபிட் கார்டின் தம்பி. ஏற்றிய பணத்தில்தான் ஒதுக்குவார்கள். சில நிறுவனங்கள் ப்ரீபெய்ட் கார்டைப் பதிவுக்கே ஏற்பதில்லை. அதைத் தரையில் இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கிரெடிட் கார்டே வேண்டாம் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பெரும்பாலான கப்பல்களில் ரொக்கத்தை முன்பணமாகக் கட்டலாம். கெஸ்ட் சர்வீசஸ் என்கிற வரவேற்புக் கவுன்ட்டரில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகை வைத்திருப்பார்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தப் பணம் தீர்ந்ததும் அட்டை வேலை செய்யாது. போய் மேலும் கட்ட வேண்டும். மீதி இருந்தால் கடைசியில் திருப்பித் தருவார்கள். செலவுக்கு ஒரு வேலி போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. நான் கேலியாகச் சொல்லவில்லை. இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. கப்பலின் கணக்கு எந்த நாணயத்தில் இருக்கிறதோ அந்த நோட்டாகவே கட்டுவதுதான் சரி. கவுன்ட்டரில் மாற்றினால் விகிதம் அவர்கள் வைத்ததுதான். மீதிப் பணம் வாங்கக் கடைசி ராத்திரி நிற்கிற வரிசை இன்னொரு இடைஞ்சல். மூட்டு வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நாணயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஏறுகிறோம் என்பதால் சிங்கப்பூர் டாலர் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ராயல் கரீபியன் கப்பல் மரினா பே முனையத்திலிருந்து கிளம்பினாலும் உள்ளே அமெரிக்க டாலர்தான். 2022 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கிய கெந்திங் ட்ரீம் கப்பலில் சிங்கப்பூர் டாலர் கணக்கு. பதிவு செய்யும் முன்பே எந்த டாலர் என்று பார்த்துவிடுங்கள். மகளுடைய சிங்கப்பூர் கார்டைச் சிங்கப்பூர் டாலர் கணக்குக்குப் பதிந்தால் மாற்றுக் கட்டணமே இல்லை. டீச்சரின் பிடிவாதத்துக்கும் இதில் இடம் உண்டு: பற்று மகள் கார்டில் ஏறட்டும், ஊருக்கு வந்தபின் டீச்சர் மகள் கணக்குக்குப் போட்டுவிடலாம். மகள் வாங்கிக்கொள்வாளா என்பது வேறு விஷயம்.

நம் ஊர்க் கார்டைத்தான் பதியப் போகிறீர்கள் என்றால், வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபர் முதல் புதிதாகக் கொடுக்கப்படுகிற கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் தானாக வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள் வங்கியின் ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும். அங்கேயே வரம்பையும் வைக்கலாம். இதைச் செய்யாமல் போய் முனையத்தில் கார்டு மறுக்கப்பட்டு விழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

திறந்தவுடன், கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் கார்டைத் தரையில் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். கடலுக்குப் போனபின் ஓடிபி வராது. கரை மறைந்ததும் செல்போன் கப்பலுக்கென்று இருக்கிற தனி நெட்வொர்க்கைப் பிடிக்கப் பார்க்கும். அது செயற்கைக்கோள் வழியாக வருவது, விலை தலை சுற்றும். சிங்கப்பூருக்கென்று போட்ட ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. ஏறியவுடன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, தேவையானால் கப்பல் வைஃபையை மட்டும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கார்டைச் சரிபார்க்க வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸும் அப்போது கைக்கு வராது என்பதால்தான் எல்லாவற்றையும் முன்பே முடிக்கச் சொல்கிறேன்.

இனி ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். மெனுவில் ஒரு குளிர்பானம் 10 டாலர் என்று இருக்கிறது. அதன்மேல் சேவைக் கட்டணம் என்று பல கப்பல்களில் 18 சதவீதம், சிலவற்றில் 20 சதவீதம் தானாகவே ஏறும். ஆக 11.80 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,062 ரூபாய். நம் வங்கி வெளிநாட்டு நாணய மார்க்அப் என்று பொதுவாக 3.5 சதவீதம் போடும், அந்த மார்க்அப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம், ஏறக்குறைய 44 ரூபாய். மொத்தம் 1,106. மார்க்அப் குறைவாக உள்ள கார்டுகளும், அறவே இல்லாத கார்டுகளும் சந்தையில் உண்டு. இருந்தால் அதைப் பதியுங்கள். ஆனால் இந்தக் கணக்கில் கடிக்கிறது 44 ரூபாய் இல்லை, 18 சதவீதம்தான். அதற்கு எந்தக் கார்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ரொக்கமாகக் கட்டினாலும் அது உண்டு.

டீச்சர் இங்கே டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு ஜூஸ் ஆயிரத்து நூறா?”

பயப்பட வேண்டாம். பெரிய சாப்பாட்டு அறை, பஃபே, தண்ணீர், சாதாரண டீ, காபி எல்லாம் பொதுவாக டிக்கெட்டிலேயே அடக்கம். மது, பாட்டில் பானம், தனி உணவகம், வைஃபை, மசாஜ், போட்டோ, கரைச் சுற்றுலா இவைதான் பற்றில் ஏறும்.

நீங்கள் ஒன்றுமே வாங்காவிட்டாலும் ஏறுகிற தொகை ஒன்று இருக்கிறது. ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு இது 2023 நவம்பரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலராக உயர்ந்தது. இரண்டு பேர், நாலு நாள் என்றால் 144 டாலர்; அதே 90 ரூபாய்க் கணக்கில் 12,960 ரூபாய். பெரும்பாலும் குழந்தைகளுக்கும் உண்டு. டிக்கெட் போடும்போதே முன்கூட்டிக் கட்டியிருந்தால் பில்லில் வராது. மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு தடவை கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். சில நிறுவனங்களில் கவுன்ட்டரில் கேட்டு இதை நீக்கிக்கொள்ளலாம் என்று சொல்லித் தருகிற அறிவாளிகள் இருக்கிறார்கள். நீக்கலாம்தான். உங்கள் படுக்கையை இரண்டு வேளை தட்டிப் போடுகிற பிலிப்பீன்ஸ் பையனின் வருமானத்தில் அது ஒரு பகுதி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

டிராவல்ஸ்காரர் ‘ஆன்போர்டு கிரெடிட் 50 டாலர் தருகிறோம்’ என்று சொல்லியிருந்தால் அது பற்றில் முதலில் கழியும். இதில் பெரும்பாலானவை செலவழிக்காவிட்டால் திரும்பக் கிடைக்காது, கப்பலோடு போய்விடும். இது ஒன்றைத்தான் நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்வேன்.

பேரப்பிள்ளைகள் விஷயம். குழந்தைக்கும் தனி அட்டை தருவார்கள், அதுவும் அதே பற்றோடு சேர்ந்ததாக இருக்கலாம். வீடியோ கேம் கூடத்தில் ஒரு மத்தியானம் போதும். முதல் நாளே கவுன்ட்டரில் சொன்னால் அந்த அட்டையில் வாங்கும் வசதியை நிறுத்திவிடுவார்கள், அல்லது ஒரு வரம்பு வைப்பார்கள்.

அப்படியானால் ரொக்கமே வேண்டாமா என்றால், வேண்டும். கரையில் வேண்டும். பினாங்கில் ரிங்கிட், புக்கெட்டில் பாத். தெருக்கடையும் டுக் டுக்கும் கார்டு பார்க்காது. இதை முன்பே கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். நல்லபடி பார்த்துக்கொண்ட ஊழியருக்குக் கையில் கொடுக்கச் சின்ன டாலர் நோட்டுகள் சில. கப்பலுக்குள் சூதாட்ட அறையில் மட்டும் ரொக்கமும் நடக்கும். பற்றில் எழுதிச் சில்லு வாங்கினால் பல கப்பல்களில் தனிக் கட்டணம் உண்டு. டீச்சருக்கு இது தேவைப்படாது, அவர் வீட்டுக்காரரைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது. கப்பலில் ஏடிஎம் இருக்கும், கட்டணம் கூடுதல், அவசரத்துக்கு மட்டும். நம் நாட்டு விதிப்படி பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலருக்கு மேல் நோட்டாக வாங்க முடியாது. டீச்சருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே அதிகம் என்றேன்.

கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்கிற பயமும் அவருக்கு இருந்தது. 2023 மே மாதம் கிளம்பிய பேச்சு அது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் அரசு அதைத் தள்ளிவைத்துவிட்டது. வாட்ஸ்அப் மட்டும் தள்ளிவைக்கவில்லை.

இன்னொரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். கார்டு இந்தியக் கார்டு என்று தெரிந்ததும், பில்லை ரூபாயிலேயே எடுத்துக்கொள்ளட்டுமா என்று சில இடங்களில் கேட்பார்கள். புரிகிற நாணயம் என்று தலையாட்டத் தோன்றும். அந்த விகிதத்தைப் போடுவது அவர்கள், லாபமும் அவர்களுக்கு. ரூபாயில் எடுத்தாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று நம் பக்கத்துச் சில வங்கிகள் தனியாக 1 சதவீதம் போடுகின்றன. கப்பல் நாணயத்திலேயே எடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். சில நிறுவனங்கள் கேட்காமலே பதிவுப் படிவத்தில் இதற்குச் சம்மதம் வாங்கிக்கொள்கின்றன, ஆகவே கையெழுத்துப் போடும் முன் அந்தப் பொடி எழுத்தை மகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பில். அதை அறை டிவியிலும் ஆப்பிலும் தினமும் பார்க்கலாம். ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்ல பழக்கம். நான் போன ஒரு கப்பலில் ஒரே காபி, ஒரே நேரம், இரண்டு வரியாக ஏறியிருந்தது. கவுன்ட்டரில் காட்டியதும் அந்தப் பெண் அதை ஒரு நிமிடத்தில் கழித்துவிட்டாள். மேசையில் இருக்கிற மெனுவும் எழுதிய ஆளும் அங்கேயே இருக்கும்போது இது சுலபம். இறங்கி வீட்டுக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். கடைசி ராத்திரி எல்லோரும் கவுன்ட்டரில் குவிவார்கள், ஆகவே அதற்கு முந்தின ராத்திரியே சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கார்டு பதிந்தவர்கள் கடைசி நாள் எங்கும் நிற்க வேண்டியதில்லை. தொகை தானாகப் போய்விடும், பில்லின் நகல் மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

ஊர் திரும்பியதும் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவிடுங்கள். அந்தப் பில்லை, அடுத்த கார்டு ஸ்டேட்மென்ட் வந்து தொகை ஒத்துப்போகும்வரை தூக்கிப் போடாதீர்கள்.